வரி வரியாக வந்த முகம்

"சத்தம் கேட்டுச்சு மச்சான்! அதே சத்தம்!" என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள் அஸ்ஃபியா.

ஜுஹைர் சிரித்தான். "விண்டோஸ் நைன்ட்டி ஃபைவ். பூட் ஆயிடுச்சு."

அமெரிக்காவில், டெக்சஸின் பிளானோ ஊரில் அவர்களுடைய அபார்ட்மென்ட். மேசைமேல் இருந்தது அந்த வருஷம், 2007-இல், வாங்கிய புதுக் கம்ப்யூட்டர்தான். ஆனால் அதன் திரைக்குள் சின்னப் பெட்டியாக, பத்து வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதில் அந்தக் காலத்து நெட்ஸ்கேப் பிரவுசர். பழைய வெப்சைட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் காப்பகத்தை அதன் வழியாகத் திறந்தால், பக்கங்கள் அன்றைக்குத் தெரிந்த மாதிரியே வரும். இதையெல்லாம் அமைக்க ஜுஹைருக்குப் பல வாரங்கள் பிடித்தன.

அஸ்ஃபியா கேட்டதற்காகத்தான் செய்தான். டெக்சஸுக்குப் படிக்க வந்த காலத்தில் அவள் ஒரு ஹோம் பேஜ் செய்திருந்தாள். எந்த பஸ் எங்கே போகும், ஹலால் கடை எங்கே இருக்கிறது என்று புதிதாக வரும் மாணவர்களுக்கு வழி சொல்கிற பக்கம். அதைப் பார்த்துவிட்டு ஜுஹைர் ஒரு மெயில் போட்டான். அவர்கள் கதை அங்கேதான் ஆரம்பம்.

"நான் இல்லாம முன்னாடியே திறந்துடலையே?"

"ப்ராமிஸ் பண்ணேன்ல? இப்பதான் ஃபர்ஸ்ட் டைம்."

முகவரியை அடித்தான். நெட்ஸ்கேப்பின் மூலையில் இருந்த லோகோவில் எரிகற்கள் விழுந்துகொண்டே இருந்தன. பிறகு வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. இந்த முகவரியில் எதுவும் சேமிக்கப்படவில்லை.

மறுபடி அடித்தான். வேறு வருஷத்தைக் கொடுத்துப் பார்த்தான். அதே வரி.

அஸ்ஃபியா திரைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் விழித்திரை நோய் அவள் பார்வையை முழுசாக வாங்கிக்கொண்டுவிட்டது. ஜுஹைர் அவளை நன்றாகத்தான் கவனித்துக்கொண்டான். ஆனால் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. 'பாரு', 'தெரியுதா' என்று வாய் தவறி வந்துவிடுமோ என்ற பயத்தில், மாத்திரை, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கார் சர்வீஸ் என்று தேவையானதோடு நிறுத்திக்கொண்டான்.

"என்ன, வந்துடுச்சா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"வந்துடுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்! சொல்லுங்க, பேக்ரவுண்ட் என்ன கலர்?"

"பர்ப்பிள். எழுத்தெல்லாம் மஞ்சள்."

"ஐயோ, லாரிக்குப் பின்னாடி எழுதின மாதிரி! அப்ப அதுதான் ஸ்டைல்னு நினைச்சேன். மேலே 'வெல்கம்' மின்னுதா?"

"மின்னிக்கிட்டே இருக்கு. அதுக்குக் கீழ மண்வெட்டியோட ஒருத்தன். அண்டர் கன்ஸ்ட்ரக்‌ஷன். கடைசி வரைக்கும் நீ அவனை வீட்டுக்கு அனுப்பவே இல்ல."

"வேலை முடிஞ்சாத்தானே அனுப்ப முடியும்! கடை லிஸ்ட்?"

"இருக்கு. ஹலால் கறிக்கான 'மீட்' போட வேண்டிய இடத்துல, ஆளைச் சந்திக்கிற 'மீட்' ஸ்பெல்லிங். இங்க யாரை மீட் பண்ணணும்னு கேட்டுத்தானே நான் மெயில் போட்டேன்."

"நான் திட்டி ரிப்ளை பண்ணேன்" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என் போட்டோ?"

ஜுஹைர் வெள்ளைத் திரையையே பார்த்தான்.

"இருக்கு. ஏரிக்கரை. சிவப்பு துப்பட்டா. காத்துல பறக்குது, ஒரு கையால பிடிச்சிருக்க."

"அப்புறம்?"

"உனக்கு ஒண்ணு தெரியாது அஸ்ஃபி. நான் இதை முதல்ல பார்த்தது காலேஜ் கம்ப்யூட்டர் லேப்ல. லைன் ரொம்ப ஸ்லோ. படம் வரி வரியா இறங்குச்சு. முதல்ல வானம். அப்புறம் துப்பட்டா, நெத்தி. கண்ணு வந்ததும் அப்படியே நின்னுபோச்சு. லேபை மூடுறோம், எல்லாரும் கிளம்புங்கன்னுட்டாங்க. வீட்டுக்குப் போனா தூக்கம் வரல. மிச்ச முகம் எப்படி இருக்கும்னு அதே நினைப்பு. மறுநாள் கிளாஸ் கட் பண்ணிட்டு ஓடினேன்."

"போய்?"

"சிரிச்சுக்கிட்டிருந்த. பாரு, இப்பவும் அதே மாதிரி..."

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். அஸ்ஃபியா கையை நீட்டி அவன் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இதைச் சொன்னதே இல்லையே மச்சான்."

"நீ கேட்டதே இல்லையே."

அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. அவள் திட்டி எழுதிய பதிலைப் பிரின்ட் எடுத்து ரூம்மேட்டிடம் காட்டியது, அவளை நேரில் பார்க்கப் போன அன்று பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலில் நடந்தே போனது, அவள் கதவைத் திறந்ததும் தன் பெயரே மறந்துபோனது. அவள் கேட்கக் கேட்க, ஹோம் பேஜில் இருந்ததும் இல்லாததும் சேர்ந்து வந்துகொண்டே இருந்தன.

ஜன்னலில் வெயில் இறங்கியபோதுதான் அவனுக்கு நேரம் உறைத்தது.

"ஷட் டவுன் பண்ணட்டுமா?"

"ம். அடுத்த சண்டேயும் திறக்கணும்."

"இதே பேஜையா?"

"இதேதான். நீங்க இன்னும் பாதிகூடச் சொல்லல."

டீ போட சமையலறைக்குப் போனான் ஜுஹைர். இல்லாத பக்கத்தை இருப்பதாகச் சொல்லி அவளை ஏமாற்றிவிட்டோமே என்று மனசு உறுத்தியது. ஆனாலும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் பாலை அடுப்பில் வைத்தான்.

அந்த முணுமுணுப்பைக் கேட்டபடி அஸ்ஃபியா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். காப்பகத்தில் தன் பக்கம் இல்லை என்பதை, திரையில் இருப்பதை அவளுக்கு வாசித்துச் சொல்லும் லேப்டாப் குரல், இதையெல்லாம் அமைத்துத் தரும்படி அவள் ஜுஹைரிடம் கேட்பதற்கு முன்பே சொல்லியிருந்தது.