பதினெட்டு நிமிடம்

சரவணம்பட்டி கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பூஜிதா இவ்வளவு கறாரான வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை.

“ஏனுங்க அம்மணி, லேப்டாப், டெஸ்க்டாப் ரெண்டுலயும் ஒரே பேரு பிராசசர்தானுங்க போட்டிருக்குது. எது வேகமா ஓடும்?” என்று கேட்டாள் மோகனப்பிரியா. வீட்டிலிருந்தே கட்டடங்களுக்கு முப்பரிமாணப் படம் போடும் கணவருக்காக வந்திருந்தாள். அவர் போட்ட படம் ஒன்றையும் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தாள்.

“ஓட்டியே காட்டறனுங்க அக்கா.”

டெஸ்க்டாப் ஆறு நிமிடத்தில் அந்தப் படத்தை நிஜக் கட்டடம் போலத் தயார் செய்து முடித்தது. லேப்டாப் வேகமாகத்தான் தொடங்கியது. சூடேறியதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு பதினெட்டு நிமிடம் எடுத்தது. மோகனப்பிரியா செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பாத்தீங்களா? டெஸ்க்டாப்புல பெரிய ஃபேன், காத்து போக இடமிருக்குது. கடைசி வரைக்கும் அதே வேகத்துல ஓடும்,” என்ற பூஜிதா, விற்றுவிட்ட நிம்மதியில் பில் புத்தகத்தை எடுத்தாள்.

“லேப்டாப்பே குடுத்துருங்க.”

பூஜிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அக்கா, மூணு மடங்கு மெதுவுங்க! அதுவரைக்கும் அண்ணன் சும்மா உக்காந்திருக்கோணுமே?”

“உக்கார மாட்டாருங்க.” மோகனப்பிரியா வெட்கத்தோடு சிரித்தாள். “கம்ப்யூட்டர் படத்தைத் தயார் பண்ற நேரத்துல மட்டுந்தான் எந்திரிச்சுச் சமையல்கட்டுக்கு வந்து எங்கூடப் பேசுவாரு. ஆறு நிமிசத்துல என்னத்தப் பேசறதுங்க?”

பூஜிதா பில் புத்தகத்தை மூடினாள்.

“கொஞ்சம் இருங்க அக்கா. இதவிட மெதுவானது ஒண்ணு உள்ள இருக்குது, எடுத்துட்டு வாரேன்.”