கப்பலை நிறுத்திய கட்டு

கட்டுப் போடுகிறவர் மணிக்கட்டை அமுக்கிய இடமெல்லாம் பத்மாவதி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். வீக்கம் இல்லை, எலும்பும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் தெலுங்கில் சொன்னார். ஆனாலும் அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து, பச்சிலைச் சாறும் முட்டை வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பதினைந்து நாள் அந்த வலது கையை அசைக்கக் கூடாது என்றார்.

அந்தப் பதினைந்து நாளுக்காகத்தான் அவள் திருப்பதியிலிருந்து புத்தூருக்கு பஸ் ஏறி வந்திருந்தாள். கை வலிக்கவே இல்லை. வலித்தது வேறு இடம்.

ஓரகத்தி ஷோபா அடுத்த வெள்ளிக்கிழமை ஐரோப்பாவுக்குப் போகிறாள். அவள் கணவன் சிவசங்கரன் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இருபது வருடம் முடித்ததற்குக் கிடைத்த பரிசு. துபாய், சிங்கப்பூர், ஐரோப்பிய ஆற்றில் ஒரு கப்பல் பயணம், மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சொர்ணமுகி ஆற்றில் கணுக்கால் தண்ணீருக்கே பயப்படுகிற ஷோபா, கணவனோடு மல்லுக்கட்டிக் கப்பல் பயணத்தைத்தான் கேட்டு வாங்கினாள்.

ஒரு மாதமாக வீட்டில் வேறு பேச்சில்லை. டான்யூப் என்று ஆற்றுக்குப் பேராம். ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் தண்ணீராம். மாடியில் ஷோபா பெட்டியை உருட்டும் சத்தம் கேட்டாலே, கீழ் வீட்டில் இருக்கும் பத்மாவதிக்கு வயிறு பற்றி எரியும்.

அவளுக்கென்று என்ன இருந்தது? கணவன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் தேன்மொழி வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு நான்கு வருடத்துக்கு முன் போனவள். அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று பத்மாவதியே சொல்லிவிட்டாள். மிச்சம், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மாமனார் துலுக்காணம். வெளியாள் கையால் அவர் ஒரு வாய் வாங்கமாட்டார். இரண்டு மருமகள்களில் ஒருத்திதான் ஊட்டியாக வேண்டும்.

'ஊட்டுறதுக்கு நானு, ஊர் சுத்துறதுக்கு அவளா?' பஸ்ஸில் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு இதையே நினைத்தபடி வீடு வந்து சேர்ந்தாள்.

கட்டைப் பார்த்ததும் ஷோபாவின் முகம் வெளுத்துப்போனது. எப்படி அடிபட்டது என்று மட்டும் கேட்டாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள் பத்மாவதி. அன்று சாயங்காலமே சிவசங்கரன் கம்பெனிக்கு போன் செய்து, பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் மாடியில் பெட்டிச் சத்தம் இல்லை. பத்மாவதி வெகுநாள் கழித்து நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.

மத்தியானம் ஷோபா கீழே இறங்கி வந்து, மாமனாருக்குக் குழைந்த சோற்றை ஊட்டி வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு தட்டில் ரசம் சாதம் பிசைந்து பத்மாவதியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"வாயத் தெறக்கா. கட்டுக் கையோட எப்டி துன்னுவ?"

இரண்டு கவளம் உள்ளே போனதும் பத்மாவதிக்கு மனசு கொஞ்சம் இளகியது. ஜெயித்தவளுக்கு வரும் இளக்கம் அது. அடுத்த வருஷம் கேட்டால் கம்பெனியில் மறுபடி கொடுக்காமலா போய்விடுவார்கள் என்று ஆறுதல் சொன்னாள்.

"அப்போ சிங்கப்பூரே போயிட்டு வா. நம்ம சோறாச்சும் கெடைக்கும். தண்ணியக் கண்டாலே நடுங்கறவ, இன்னாத்துக்கு அந்தக் கப்பலப் புடிச்சிக்கினு நின்ன?"

ஷோபா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். சொல்லலாமா என்று ஒரு கணம் மாமனார் பக்கம் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த ஆத்தோரம் வியன்னான்னு ஒரு ஊருலதான், நம்ம தேன்மொழி நெறமாசமா கீறாக்கா."