கீழ்வீட்டுப் பேப்பர்

அறுபத்தெட்டு வயதில், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற வெர்னன், பேப்பர் திருட ஆரம்பித்தார்.

அதுவும் வீட்டுக்கார அம்மாவின் பேப்பரை. அமெரிக்காவில், மில்வாக்கி நகரில், மிஸஸ் பாவ்லக் கீழே இருக்க, மாடியில் ஒன்பது வருஷமாக இவர் குடித்தனம்.

வாடகையில் பெரும்பங்கு அரசாங்க உதவி. அதற்கு ஒரு வரம்பு உண்டு. வரம்புக்கு மேல் வருகிற நூற்றிருபது டாலரை வெர்னன் கைக்காசிலிருந்து போட்டு வந்தார். அடுத்த மாதம் முதல் வரம்பை உயர்த்துகிறார்களாம்; பேப்பரில் தினமும் அதே செய்திதான். அந்த நூற்றிருபதும் இனி அவருக்கே.

கீழே தெரிந்தால் தொலைந்தது. வாடகையும் கூடவே ஏறிவிடும்.

"பேப்பரை எடுத்துட்டா ஆச்சா? டிவியில சொல்ல மாட்டானா?" போனில் அக்கா பெர்னிஸ் கேட்டாள்.

"அந்தம்மா டிவியில சமையல் மட்டும்தான் பாக்கும்க்கா."

"உன்னை நம்பித் தட்டைக் குடுக்கறாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்."

வியாழன் ஒன்று. வெள்ளி ஒன்று. சனிக்கிழமை காலை, பேப்பரைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு படியேறும்போது கதவு திறந்தது.

"வெர்னன், கொஞ்சம் நில்லுங்க. மூணு நாளா எனக்குப் பேப்பர் வரலை."

"பனி கொட்டுதில்ல... வண்டி வந்திருக்காது."

"வந்துச்சே. ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குனியறப்ப முட்டியைப் பிடிச்சுக்கிட்டீங்க. ரொம்ப வலியா?"

வெர்னன் கோட்டைத் திறந்தார். பேப்பரை எடுத்து நீட்டினார்.

"தப்புதாம்மா. வரம்பு ஏறுதுன்னு தெரிஞ்சா வாடகையை ஏத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"அதான் போன வாரமே ரேடியோவுல சொல்லிட்டாங்களே."

அவள் பேப்பரை வாங்கவில்லை.

"வீட்டு விவகாரமெல்லாம் என் மகன்தான் பாக்கறான். சிகாகோவுல இருக்கான், இந்த ஊர்ச் சேதி எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே வாடகையை ஏத்திடுவான். நாளைக்குச் சாப்பிட வர்றான். வந்ததும் முதல்ல பேப்பரைத்தான் தேடுவான்."

"அப்ப என்னம்மா பண்றது?"

மிஸஸ் பாவ்லக் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை பேப்பர் சீக்கிரமே வந்துடும். ஆறு மணிக்கே எடுத்துடுங்க."