பார்க்கக் கூடாத சாவடி

நான்கைந்து நாடுகளே தனி நாடாக ஏற்றுக்கொண்ட குட்டிக் குடியரசு எங்களுடையது. எல்லைக்கு எதிர்ப்புறச் சாவடியில் நிற்கும் சிப்பாய் எங்களைப் பார்க்கக் கூடாதென்று அவனுக்குக் கட்டளை. பார்த்தால் நாங்கள் இருப்பதாக அவன் நாடே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். தினமும் கொடியேற்றியதும் எங்கள் சார்ஜெண்ட் அஸ்தமூர் அவனுக்கு ஒரு சல்யூட் வைப்பார். அவன் அவர் தலைக்கு மேலே மலையைப் பார்ப்பான். இருவருக்கும் இப்படியே நரைத்துவிட்டது.

இன்று வெயிலில், நெற்றியில் வைத்த கையோடு அவர் சரிந்தார். தண்ணீர் லாரி வராமல் எங்கள் கேன்கள் காய்ந்துகிடந்தன. "கண்ணைத் தொறங்கண்ணே!" என்று கத்தினேன்.

எதிரே பூட்ஸ் சத்தம் கேட்டது. அவன் எல்லைக் கோடுவரை வந்து, தண்ணீர்ப் பாட்டிலை எங்கள் பக்கம் நீட்டினான். கண்களை இறுக மூடியிருந்தான்.

"யாராவது இருக்கீங்களா?" என்றான்.