வெட்டிய முன்னுரை

பேராசிரியரின் கத்தரிக்கோல் மாணவியின் ஆய்வுக் கட்டுரையைப் பத்தி பத்தியாக நறுக்குகிறது. மின்விசிறிக் காற்றில் படபடக்கும் துண்டுகளின் மேல் தேநீர்க் கோப்பையை நங்கென்று வைக்கிறார். "மொட்டையா ஆரம்பிக்குது. என்ன வாதம் பண்ணப் போறேன்னு முதல்லயே சொல்ல வேணாமா? இத்தனை வருஷமா என்னத்தப் படிச்சு கிழிச்ச?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பல்லைக் கடித்தபடி பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து, அதன் ஓரத்தை விரலால் அழுத்தி மேஜையில் வைக்கிறாள். "இது பரவாயில்லையா, சார்?" படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறுகிறது. "இதுதான் முன்னுரை! யாரு எழுதிக் குடுத்தா உனக்கு?" அவள் விரலை எடுக்கிறாள். போன வாரம் இதே துண்டை வெட்டி எறிந்தபோது அவரே சிவப்பு மையில் கிறுக்கிய சொல் ஓரத்தில் பளிச்சென்று தெரிகிறது: குப்பை.