மழை மலர்

பல் டாக்டர் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. நாற்காலியில் நோயாளி இல்லை. வெள்ளைத் துண்டின்மேல் ஒரு பழைய கச்சேரி மலர் மட்டும் சொகுசாகப் படுத்திருந்தது.

ஒரு ராக் இசைக்குழு ஊர் ஊராகப் போய்ப் பாடிய காலத்தில் வாசலில் வைத்து விற்றது. அட்டையில் நான்கு பேர். தோள்வரை முடி, ஊரையே விலைக்கு வாங்கிவிட்டதுபோல ஒரு பார்வை.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டார். அவருடைய பால்ய நண்பரான பேருந்து ஓட்டுநர் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். கிடைத்த இடத்தில் எல்லாம் தாளம் தட்டுவதால் அவருக்கு டமாரம் என்று பெயர். மலரைத் திறக்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொள்வார்.

இருவருக்கும் நடுவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி ஒடுங்கி நின்றாள். அந்தக் குழுவின் ஒரு பாட்டுகூட அவளுக்குத் தெரியாது. அவள் வந்தது தன் அம்மாவின் முகத்தைப் பார்க்க.

அவளைப் பெற்ற அன்றே அம்மா கண்ணை மூடிவிட்டாள். அப்பா துக்கத்திலோ கோபத்திலோ ஒரு படம் விடாமல் எரித்துவிட்டார். அவர் இருந்தவரை வாயைத் திறக்காத சித்தி, அவர் காலமான பிறகுதான் மெல்ல ஆரம்பித்தாள். மழையில் நடந்த ஒரு கச்சேரி. முன்வரிசையில் உன் அம்மா, பூப்போட்ட சட்டை. அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்துக் கச்சேரிப் புத்தகத்தில் போட்டிருந்தார்கள். யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். உங்கப்பா அதையும் அடுப்பில் போட்டார்.

அதற்குமேல் என்னவோ சொல்ல வந்த சித்தி, அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

கடைக்காரி விசாரித்துக்கொண்டே இங்கே வந்து சேர்ந்தாள். மழை என்றதுமே இரண்டு பேர் முகத்திலும் விளக்கு எரிந்தது. அவர்களும் அன்றைக்கு அந்த மைதானத்தில் தொப்பலாக நனைந்தவர்கள்தான். அன்று வாங்கிய மலர் தண்ணீர் குடித்து உப்பியிருந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே மழை மலர்.

நேராகக் கூட்டத்தின் படத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். இருவரும் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள்.

“முதல்லேர்ந்துதாம்மா,” என்றார் டமாரம்.

முதல் பக்கத்தில் பாடகர் வந்தார், வியர்வையோடு. கிட்டார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு எங்கோ போயிருந்தார். டாக்டர் இடுக்கியால் ஒவ்வொரு தாளையும் எடுத்துத் திருப்பினார். திருப்பும்போதெல்லாம் மூச்சை உள்ளே இழுத்தார். எத்தனை முறை பார்த்திருப்பார்களோ, இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் வாய் பிளந்து நின்றார்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை; அம்மாவும் இப்படித்தான் நின்றிருப்பாள் என்று தோன்றியது.

நடுப்பக்கம் வந்தது. மேலே மேடை, கீழே கடல்போலக் கூட்டம்.

கடையிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்து முன்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பூப்போட்ட சட்டை இல்லை. மறுபடி பார்த்தாள். எல்லோரும் பளிச்சென்று உலர்ந்திருந்தார்கள். ஒரு தலைகூட நனையவில்லை.

சித்திக்கு வயதாகிவிட்டது, எதையோ எதனோடோ சேர்த்துச் சொல்லியிருக்கிறாள். அவள் லென்ஸை மூடிப் பைக்குள் போடப் போனாள்.

டமாரம் கட்டியிருந்த கையை அவிழ்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“டாக்டரே, மழை அன்னிக்கு வாசல்ல வித்த புத்தகத்துக்குள்ள அந்த மழை எப்படிய்யா வரும்?”

டாக்டருக்கு அசடு வழிந்தது. மலர் கச்சேரிக்கு முன்பே அச்சாகிவிடும். அதில் இருப்பதெல்லாம் அதற்கு முந்தைய பயணத்தின் படங்கள். குழுவின் சரித்திரத்தையே தலைகீழாக ஒப்பிக்கிறவர்கள், மழை மலர், மழை மலர் என்று சொல்லிச் சொல்லியே மழை அதற்குள் பெய்வதாக நம்பிவிட்டார்கள்.

அலமாரியில் பிளாஸ்டர் பல்வரிசைகளை ஒதுக்கிவிட்டு, அடுத்த பயணத்தின் மலரை எடுத்துவந்தார் டாக்டர். இந்த முறை அட்டையிலிருந்து ஆரம்பிக்கவில்லை.

விரித்ததும் மழை. மேடை வெளிச்சத்தில் வெள்ளை நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆண்கள் இருவரும் பழக்க தோஷத்தில் மேடையைப் பார்த்தார்கள். அவள் கீழே குனிந்தாள்.

தடுப்புக் கம்பிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி, பூப்போட்ட சட்டை. நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மேலே முகம். கடையின் முகம் பார்க்கும் கண்ணாடிகளில் நாள் முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருக்கும் அதே முகம். அண்ணாந்து, வாய் நிறைய மழை விழ, அடித்தொண்டையிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

டாக்டரும் குனிந்தார். படத்தில் இருந்தவளின் முன்பற்களைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவளின் வாயைப் பார்த்தார். அதே இடைவெளி. மெதுவாகக் கையுறையைக் கழற்றினார்.

“இத்தனை வருஷமா நம்ம கண்ணுல படவே இல்லையே,” என்று முணுமுணுத்தார் டமாரம்.

அவள் லென்ஸைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். சுற்றிலும் எல்லோரும் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார்கள். அம்மா ஒரு கையைத்தான் தூக்கியிருந்தாள். இன்னொரு கை, இடிபடாமல் காப்பதுபோல, நிறைமாத வயிற்றின்மேல் விரிந்திருந்தது.

லென்ஸ் அங்கேயே நின்றுவிட்டது.

“உங்க அம்மா படம்தானேம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“அம்மாவும் நானும் எடுத்துக்கிட்ட படம்,” என்றாள்.