குறை வைக்காத கேபிள்

பெட்டியிலிருந்து வெளியே வந்த நுண்செயலி போர்டுக்கு ஒரே ஓர் ஆசைதான். தனக்கென்று எழுதிய நிரல் ஒருமுறையாவது தன்னுள் ஓட வேண்டும். பொறியாளர் எழிலரசி மடிக்கணினியில் சி மொழியில் அதற்கான நிரலை எழுதி முடித்து, மேசையில் கிடந்த பழைய கேபிளை எடுத்து மடிக்கணினியையும் போர்டையும் இணைத்தாள். போர்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. நிரல் வரவில்லை.

"மடிக்கணினி எனக்கு ஏதாவது சொல்லி அனுப்பியதா?" என்று போர்டு கேபிளிடம் கேட்டது.

"எனக்கெப்படித் தெரியும்? நான் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றுகிறவன். என்னுள் மின்சாரக் கம்பி மட்டுமே உண்டு, சேதி போகும் கம்பி கிடையாது," என்றது கேபிள்.

"பின் ஏன் வந்தாய்?"

"கைக்கு அகப்பட்டேன், செருகினாள். விளக்கு எரிகிறதல்லவா? உனக்கு என்ன குறை வைத்தேன்?"

'போர்டு கிடைக்கவில்லை' என்று திரையில் நான்காம் முறையும் வந்தது. "செத்த போர்டு," என்று எழிலரசி அதைக் கழற்றினாள். அதுவரை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பழுதுப் பெட்டிக்குள் விழுந்த போர்டுக்கு, மேசையில் புதிதாக வந்த இன்னொரு போர்டிடம் கேபிள் கனிவாகப் பேசுவது கேட்டது.

"வாம்மா. உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன்."